வாயைத் திறப்பதற்கு முன்னும் பின்னும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 11 வருஷமாக வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பகுதிப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். நாவை அடக்குவதைப் பற்றிப் பேசுகிற யாக்கோபு நிருபம் 3-ம் அதிகாரத்தை எடுக்கும் வாரங்களில் மட்டும் பாடம் முடிந்தும் ஒருவரும் கிளம்ப மாட்டார்கள், செருப்பை மாட்டிக்கொண்டே ஏதாவது கேட்பார்கள், ராத்திரி போனிலும் கேட்பார்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் அவற்றைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே எழுதி, நான் சொல்கிற பதிலையும் போட்டிருக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை, வாயால் கெட்ட அனுபவம் மட்டும் நிறைய உண்டு.

நான் கெட்ட வார்த்தையே பேசறதில்ல அக்கா. அப்போ எனக்கு நாவடக்கம் இருக்குன்னுதானே அர்த்தம்?

அது ஆரம்பம், அவ்வளவுதான். "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று எபேசியர் 4:29-ல் வாசித்ததும் நமக்குத் தெருச்சண்டையில் காதில் விழுகிற வார்த்தைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்கு அழுகிப்போனது, உதவாதது என்று அர்த்தம். மத்தேயு 13:48-ல் வலையில் சிக்கிய மீன்களில் ஆகாதவற்றை எறிந்துவிடுகிறார்களே, அங்கேயும் அதே சொல்தான். ஆக, சந்தையில் கெட்டுப்போன மீனை நல்ல மீன் என்று நம் தலையில் கட்டினால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்ட பேச்சைத்தான் அந்த நிருபத்தை எழுதிய பவுல் சொல்கிறார். அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லாமல் இருக்கலாம். "பரவாயில்லையே, உனக்குக்கூட வேலை கிடைச்சிருச்சே" என்பதில் எந்த வார்த்தை கெட்ட வார்த்தை?

நாவை அடக்க ஒரு மனுஷனாலும் கூடாதுன்னு யாக்கோபே எழுதிட்டாரு. அப்புறம் எதுக்கு முயற்சி பண்ணணும்?

இதைக் கேட்பவர்கள் பாதிப் பேர் உண்மையாகவே சோர்ந்துபோய்க் கேட்கிறார்கள், மீதிப் பேர் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்றுதான் ஆரம்பிக்கிறது. அதாவது அவர் முதலில் கைநீட்டுவது என்னைப் போல மைக் பிடிக்கிறவர்களை, குழாயடியில் பேசுகிற பெண்களை அல்ல. நாவடக்கம் என்றாலே பெண்களுக்குத்தான் பிரசங்கம் வைக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

அப்புறம் அவர் சொல்லும் உதாரணங்களைப் பாருங்கள். குதிரையின் வாயில் கடிவாளம், கப்பலுக்குச் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சின்ன நெருப்பு. கடிவாளமும் சுக்கானும் இருக்கிற இடத்தில் பிடிக்க ஒரு கையும் இருக்கும். மனுஷனால் கூடாது என்று சொன்னவர் அடுத்த இரண்டு வசனத்துக்குள் "என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது" என்கிறார். விட்டுவிடு என்று சொல்ல நினைத்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். உன்னால் தனியாக முடியாது என்பதுதான் விஷயம். சங்கீதம் 141:3-ல் தாவீது "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" என்று கேட்கிறானே, வாசலுக்குத் தானே காவல் நிற்க முடியாது என்று தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது.

கோவத்துல வாயில வந்துருது. மனசுல ஒண்ணுமே கிடையாது. இது பெரிய விஷயமா?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? "இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்" என்று மத்தேயு 12:34-ல் இயேசு சொன்னதும் அதுதான். மனசில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, மாமியாரின் தம்பி கல்யாணத்தில் எட்டு வருஷத்துக்கு முன் நடந்த சங்கதி இன்றைக்கு உப்பில்லாத குழம்புச் சண்டையில் எப்படி வந்தது? உள்ளே பத்திரமாக வைத்திருந்ததால்தான்.

கோபம் வருகிற நேரம் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதைக் கவனித்து வைப்பது உதவும். எனக்குக் காலை 7.30. டிபன் பாக்ஸ் மூடவில்லை, வெளியே வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார், பையன் ஒற்றைக் காலில் சாக்ஸோடு நிற்கிறான். அந்த நேரத்தில் நான் என்ன சொன்னாலும் தப்பாகத்தான் வரும் என்று தெரிந்துகொண்டபின், சட்னியை முந்தின ராத்திரியே அரைக்க ஆரம்பித்தேன். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் "காவல்வையும்" என்று ஜெபித்துவிட்டு அதே 7.30-க்கு அதே அவசரத்தோடு போய் நிற்பதில் என்ன புத்தி இருக்கிறது?

ஜெபிக்கறதுக்குத்தானே சொன்னேன், அது எப்படி புறணி ஆகும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் கோபித்துக்கொள்ளப்படுவதும் இதற்கு நான் சொல்லும் பதில்தான். சபைக்கு வெளியே புறணிக்குப் புறணி என்றே பெயர். உள்ளே வந்தால் ஜெபக்குறிப்பு. "இன்னாருடைய மகளுக்காக ஜெபிங்க, எதுக்குன்னு கேக்காதீங்க" என்று குழுவில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும், அன்று ராத்திரி பத்துப் பேர் தனித்தனியாக எதற்கென்று கேட்டுவிடுவார்கள்.

நானும் போட்டிருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் தடுமாறிக்கொண்டிருந்தது. அவள் அம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்னார், நான் உண்மையான பாரத்தோடுதான் 40 பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் ஜெபிக்கச் சொல்லிப் போட்டேன். பெயர் போடவில்லை, தெருவை மட்டும் போட்டேன். இரண்டே நாளில் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. தடுமாறிக்கொண்டிருந்தது நின்றே போயிற்று. என் செய்தியால்தான் நின்றதா, எப்படியும் நின்றிருக்குமா என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அந்த அம்மாவுக்கு அதில் சந்தேகம் இல்லை.

அதற்குப் பின் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. சம்பந்தப்பட்டவரிடம் "இதைச் சொல்லட்டுமா, யார் யாரிடம் சொல்லட்டும்" என்று கேட்காமல் ஒருவர் காரியத்தையும் ஜெபக்குறிப்பு ஆக்குவதில்லை. கேட்க முடியாத நிலை என்றால் நானே ஜெபிக்கிறேன். விவரம் குழுவுக்குத் தெரிந்தால்தான் ஆண்டவர் கேட்பார் என்று ஒன்றும் இல்லை.

பொய் ஒண்ணும் சொல்லலியே, உள்ளதைத்தானே சொன்னேன்?

1 சாமுவேல் 22-ல் தோவேக்கு என்று ஓர் ஏதோமியன் வருகிறான். ஆசாரியனாகிய அகிமெலேக்கு தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்ததைப் பார்த்தவன், அதைச் சவுல் ராஜாவிடம் போய்ச் சொன்னான். பார்த்ததைத்தான் சொன்னான். ஆனால் தாவீது ராஜாவிடமிருந்து ஓடி வந்தவன் என்பது அகிமெலேக்குக்குத் தெரியாது என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கே 85 ஆசாரியர்கள் வெட்டப்பட்டார்கள். 52-ம் சங்கீதத்தின் தலைப்பில் இந்தத் தோவேக்கின் பெயர்தான் இருக்கிறது, உள்ளே வாசித்தால் தீட்டின சவரகன் கத்தியைப் போன்ற நாவைப் பற்றிப் பேசுகிறது.

உண்மையாக இருப்பது ஒரு நிபந்தனை, அது மட்டும் போதாது. ஒருவரிடம் குற்றம் கண்டால் அவரும் நீயும் தனித்திருக்கும்போது அவரிடமே சொல் என்கிறது மத்தேயு 18:15. நாம் அந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டு ஊரில் மற்ற எல்லாரிடமும் சொல்கிறோம்.

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்"னு வசனம் இருக்கு. அப்போ காய்ச்சல் வந்தாக்கூட காய்ச்சல்னு சொல்லக்கூடாதா?

சொல்லலாம், பாராசிட்டமாலும் போட்டுக்கொள்ளலாம். "பிணியை அறிக்கை பண்ணாதே, சுகத்தை அறிக்கை பண்ணு" என்கிற போதனை அமெரிக்காவில் கென்யன் (1867–1948), அவருக்குப் பின் கென்னத் ஹேகின் (1917–2003) போன்ற பிரசங்கிகள் வழியாகப் பரவி, மொழிபெயர்ப்புச் செய்திகளிலும் டிவியிலும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. நல்லதைப் பேசச் சொல்கிற வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வார்த்தையே ஒரு மந்திரம் போல வேலை செய்யும், தப்பாக ஒரு சொல் விழுந்தால் அதுவே நடந்துவிடும் என்று போகும்போதுதான் இடிக்கிறது. ஊரில் நம் பாட்டிமார் "அபசகுனமாப் பேசாதே" என்பார்களே, அதற்கு ஒரு வசனத்தைப் போர்த்தியது போல ஆகிவிடுகிறது.

நீதிமொழிகள் 18:21-ஐ அது இருக்கும் இடத்தில் வைத்து வாசியுங்கள். 13-ம் வசனம், காரியத்தைக் கேட்பதற்கு முன் பதில் சொல்வது புத்தியீனம் என்கிறது. 17-ம் வசனம், வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமானாகத் தெரிவான், எதிராளி வந்து விசாரித்தால்தான் விஷயம் புரியும் என்கிறது. சுற்றிலும் வழக்கும் சண்டையும்தான். அந்தக் காலத்து ஊர்வாசல் நியாயசபையில் இரண்டு சாட்சிகளின் சொல்லுக்கு ஒருவரைக் கல்லெறிந்து கொல்லலாம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜாவுக்கு வாங்கிக் கொடுக்க அவன் மனைவி யேசபேல் செய்ததே அதுதான், இரண்டு பொய்ச்சாட்சிகளை உட்கார வைத்தாள் (1 இராஜாக்கள் 21). அங்கே நாவில் மரணம் நிஜமாகவே இருந்தது.

இன்னொன்று, வேதத்தில் ஒருவரும் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு வாழவில்லை. பவுல் தீமோத்தேயுவின் அடிக்கடி வரும் பலவீனங்களைப் பற்றி எழுதுகிறார், துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். யோபு தான் பிறந்த நாளையே சபித்தான். கடைசியில் கர்த்தர், அழகழகாகப் பேசிய மூன்று சிநேகிதரைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் பேசவில்லை என்கிறார் (யோபு 42:7). புற்றுநோய் வந்த ஒருவர், தான் பயப்படுவதை வெளியே சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்களே என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன் பட்ட தனிமை யாருக்கும் வரக்கூடாது.

எங்க அம்மா கோவத்துல "நீ உருப்படவே மாட்டே"ன்னு சபிச்சுட்டாங்க. அது பலிச்சிருமா?

பலிக்காது. அலைந்து பறக்கிற குருவிகளைச் சொல்லி, "காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" என்கிறது நீதிமொழிகள் 26:2. குருவி வந்து உட்கார உங்கள் தலையைத் தேடிக்கொண்டு இருக்காது. இதற்கென்று தனியாகச் சாபம் முறிக்கும் ஜெபம் நடத்துகிறோம், காணிக்கை கொண்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆனால் அந்த வார்த்தை வேறு விதத்தில் வேலை செய்யும். மந்திரமாக இல்லை, ஞாபகமாக. இன்டர்வியூவுக்குப் போகும்போதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதும், அம்மாவின் குரலிலேயே அது காதில் கேட்கும். அதற்கு மருந்து சாபம் முறிப்பதில் இல்லை. முடிந்தால் அம்மாவிடமே ஒருநாள் உட்கார்ந்து "நீங்க அன்னைக்குச் சொன்னது இன்னும் வலிக்குதும்மா" என்று சொல்லிப் பாருங்கள். பல அம்மாக்களுக்கு அப்படிச் சொன்னதே ஞாபகம் இருக்காது.

அப்போ பிள்ளைங்களைத் திட்டவே கூடாதா? திட்டாம எப்படி வளர்க்கிறது?

கண்டியுங்கள். செய்ததைக் கண்டிப்பது வேறு, பிள்ளையையே இன்னது என்று முத்திரை குத்துவது வேறு. "ஹோம்ஒர்க் முடிக்காம டிவி போட்டது தப்பு" என்பதும் "உன் மண்டையில ஒண்ணும் ஏறாது" என்பதும் ஒன்றில்லை. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையனிடம் மனப்பாட வசனம் கேட்டேன். ஒன்பது வயசு. "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது மிஸ்" என்றான், அழவில்லை, வெட்கப்படவில்லை, தன் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னான். அந்த வாக்கியம் அவன் அப்பாவுடையது என்பது அவரோடு ஐந்து நிமிஷம் பேசியதும் தெரிந்தது. கொலோசெயர் 3:21 பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி என்று குறிப்பாகத் தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது.

கடன்காரங்க போன் பண்ணினா "அப்பா வீட்ல இல்லன்னு சொல்லு"ன்னு பையன்கிட்ட சொல்றோம். சின்ன பொய்தானே?

பையனுக்கு அது சின்னதாக இருக்காது. அப்பா சமயத்தில் பொய் சொல்வார், நம்மையும் சொல்ல வைப்பார் என்று அவன் அன்றைக்குக் கற்றுக்கொள்கிறான். "அப்பா இப்ப பேச முடியாதாம், சாயங்காலம் கூப்பிடுவாங்க" என்று சொல்லச் சொல்லுங்கள், சொன்னபடி சாயங்காலம் கூப்பிடுங்கள். இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

நன்மைக்காகச் சொல்கிற பொய் என்று கேட்டால், அது நிஜமாகவே கடினமான கேள்வி. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். ஆதிச் சபைப் பிதாக்களில் ஒருவரான அகஸ்தீன் பொய்யைப் பற்றி மட்டுமே இரண்டு நூல் எழுதி, எந்தக் காரணத்துக்கும் கூடாது என்று நின்றார். ஆனால் யாத்திராகமம் 1-ல் எபிரெயக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் பார்வோனிடம் சாக்குச் சொன்னார்கள், தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே எழுதியிருக்கிறது. நான் மருத்துவச்சிகள் பக்கம். ஆனால் அவர்கள் காப்பாற்றியது குழந்தைகளின் உயிரை. நாம் சொல்லும் நூறு பொய்யில் தொண்ணூற்றொன்பது நம் மானத்தைக் காப்பாற்றத்தான்.

கிண்டல், ஜோக்குக்கூடத் தப்பா? சிரிக்கவே கூடாதா?

தாராளமாகச் சிரியுங்கள். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று இயேசு சொன்னபோது கேட்டவர்களில் யாராவது சிரித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நிறம், குண்டு, திக்குவாய், இன்னும் பிள்ளை இல்லை, இவற்றை வைத்துச் செய்யும் கிண்டலை மட்டும் விட்டுவிடுங்கள். அவரும் சேர்ந்துதானே சிரித்தார் என்று சொல்லாதீர்கள். வேறு என்ன செய்வார் பாவம்?

பேசினாத்தானே வம்பு. நான் வாயே திறக்கறதில்ல, அது நல்லதுதானே?

நான்காம் நூற்றாண்டு எகிப்து வனாந்தரத்துத் துறவி அகத்தோன், மௌனம் பழகுவதற்காக மூன்று வருஷம் வாயில் கல்லைப் போட்டுக்கொண்டிருந்தாராம். அந்த மாதிரி மௌனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டில் நாம் கடைப்பிடிப்பது பெரும்பாலும் அது இல்லை. மூன்று நாள் புருஷனிடம் முகங்கொடுத்துப் பேசாமல், தட்டை மேஜையில் சத்தமாக வைத்துவிட்டுப் போவது மௌனம் இல்லை, அது நீளமான ஒரு திட்டு.

தாவீதும் 39-ம் சங்கீதத்தில் "நலமானதையும் பேசாமல்" வாயைக் கட்டிப் பார்த்தான், துக்கம்தான் அதிகமாயிற்று. வாய் திறக்கவேண்டிய இடமும் உண்டு. ஊமையனுக்காகவும் திக்கற்றவர்களுக்காகவும் உன் வாயைத் திற என்கிறது நீதிமொழிகள் 31:8. அடுத்த கேள்வி அங்கேதான் போகிறது.

அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதேன்னு இருக்கே. ஊழியக்காரர் தப்பு பண்ணினா அதைப் பேசறது பாவம் இல்லையா?

இதைத் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். அந்த வசனம் சங்கீதம் 105:15-லும் 1 நாளாகமம் 16:22-லும் இருக்கிறது. சுற்றிலும் வாசித்தால், ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் அந்நிய தேசங்களில் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குக் கேடு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்கிறது. அதில் ஒரு சம்பவம் ஆதியாகமம் 20. சாராளைத் தங்கை என்று சொன்ன ஆபிரகாமை, அந்நிய ராஜாவான அபிமெலேக்கு கூப்பிட்டு, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். தேவன் அவனைத் தடுக்கவில்லை. தாவீதும் சவுலின்மேல் கைபோடத்தான் மறுத்தான், குகைக்கு வெளியே நின்று சத்தமாக நியாயம் கேட்கத்தான் செய்தான்.

சபை மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டுக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19 சொல்வது உண்மை. அது வதந்தியிலிருந்து காக்க. அடுத்த வசனமே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. பணம், அதிகாரம் பற்றிய குற்றம் என்றால் இந்த ஒழுங்கில் போங்கள், மேலே புறணி பற்றிச் சொன்னதையும் மறக்காதீர்கள். ஆனால் ஒரு குழந்தையின்மேல் கைவைத்த விஷயம் என்றால் கமிட்டி கூடும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்டு போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அங்கே சபையின் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடுவதற்கு நாவடக்கம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சொன்னது சொன்னதுதான், இனி அள்ள முடியாதுல்ல? இப்ப என்ன பண்றது?

அள்ள முடியாது. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று தரம் மறுதலித்ததை ஆண்டவர் அழித்துவிடவில்லை, நான்கு சுவிசேஷத்திலும் இருக்கிறது. யோவான் 18-ல் பேதுரு மறுதலித்த இடத்தில் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது. 21-ம் அதிகாரத்தில் இயேசு கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பை மூட்டி, மீன் வைத்து, சாப்பிடவும் வைத்துவிட்டு, அப்புறம்தான் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் பேதுருவுக்குத் துக்கமாகிவிட்டது. வலிக்காமல் நடக்கிற காரியம் இல்லை அது.

மன்னிப்புக் கேட்கும்போது "உங்களுக்கு வருத்தமா இருந்திருந்தா" என்று இழுக்காதீர்கள். என்ன சொன்னேன், யாரிடம் சொன்னேன், அது தப்பு என்று மூன்றையும் சொல்லுங்கள். யாரிடம் பரப்பினீர்களோ அவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். கல்யாணம் நின்ற அந்த விஷயத்தில் நான் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதினேன், எழுதி அனுப்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த அம்மா வீட்டுக்கும் போனேன். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார், ஒன்றும் பதில் சொல்லவில்லை. கோவிலில் பார்த்தால் இப்போது தலையசைக்கிறார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இன்னும் வருவதில்லை.